கல்யாணப் பல்செட்

எங்கள் நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். அந்த மாதத்து மூடுபனி எங்கள் பள்ளத்தாக்கை விட்டுப் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்காது. அதற்குள் நின்றுகொண்டு வால்டா டக்கி பள்ளிப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவைத்துக்கொண்டிருந்தாள்; அதுதான் அவள் வேலை. முழங்காலுக்குக் கீழ் இறங்கும் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வலது கையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை, வாயில் விசில். இடது கை பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதற்கு. அந்தக் கையை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது நகரசபையின் விதி. ஆகவே விசிலைப் பல்லால்தான் கடித்துப் பிடிக்க வேண்டும்.

வால்டாவுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. மேலும் கீழும் செட்டுதான். இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதுதான் தெருவின் நாகரிகம். மேல் செட்டு அண்ணத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். கீழ் செட்டுக்கு அந்த விசுவாசம் இல்லை. காலையில் பசையைத் தாராளமாகத் தடவி உட்கார்த்தினாலும், ஒரு கோப்பை தேநீர் உள்ளே போனதும் அது ஊர் சுற்றக் கிளம்பிவிடும். நாக்கால் அதை அழுத்தி, உதட்டால் விசிலைக் கவ்வி, இரண்டு தரம் ஊதிவிடுவாள். பதினோரு வருஷம் இந்த வித்தையில் பிழைப்பு ஓடியது.

அன்று நிலக்கரி லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. வால்டா பலகையைத் தூக்கிக்கொண்டு நடுச் சாலைக்குப் போய் உயிரைக் கொடுத்து ஊதினாள். லாரி நின்றது. விசில் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. கீழ் செட்டுக்குக் கயிறு இல்லை. அது வெள்ளைக் கோட்டின்மேல் பட்டுத் தெறித்து, சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளின் நடுவே போய் உட்கார்ந்தது.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கம்பளி உறை போட்ட கையால் அதைப் பொறுக்கி எடுத்தாள். "மிஸஸ் டக்கி, உங்க பல்லு விழுந்துடுச்சு. எனக்கும் நேத்து ஒண்ணு விழுந்துச்சு. தலகாணிக்கு அடியில வைங்க, ராத்திரி தேவதை வந்து காசு வெச்சுட்டுப் போகும்."

"அப்படியா கண்ணு," என்றாள் வால்டா, வாயைக் கையால் மூடிக்கொண்டு. "எங்க வீட்டுப் பக்கம் அது வர்றதேயில்ல."

லாரிக்காரன் சிரிக்கவில்லை, பாவம், இறங்கி வந்து சக்கரம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வரிசையாக நின்ற கார்களில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதில் யாரோ ஒரு புண்ணியவதி நகரசபைக்குப் போன் போட்டாள். யார் என்று எங்களுக்குத் தெரியும். அவள் வீட்டு ஜன்னல் திரைகூடக் கோணலாகத்தான் தொங்கும்.

மறுநாளே நகரசபையிலிருந்து கிரெய்க் வந்தான். நல்ல பையன்தான். சின்ன வயதில் இதே கிராசிங்கில் வால்டாவின் இடது கைக்குப் பின்னால் முண்டிக்கொண்டு நின்றவன். இப்போது கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மிஸஸ் டக்கி, நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"வாயால சொல்லுப்பா. உனக்குத்தான் பல்லு இருக்கே."

"விசில் சரியா வரணும். ஒரு கை எப்பவும் காலியா இருக்கணும். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும். அக்டோபர்ல அடுத்த பருவத்துக்குப் பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள பல்ல சரி பண்ணிக்குங்க. அதுவரைக்கும் நீங்களே நில்லுங்க, நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

வால்டா தலையாட்டினாள். அவள் வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான். ஊர் மின்நிலையத்தை அரசாங்கம் விற்று ஐந்து வருஷமாகிறது. அவள் புருஷன் நெவ் அதில் கொதிகலன் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் நின்றவன். ஆட்களைக் குறைத்தபோது கொடுத்தனுப்பிய பணம் வீட்டுக் கூரைக்கும் ஒரு பழைய காருக்கும் சரியாகப் போயிற்று. முதியோர் பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அதுவரை நெவ் காலையில் பேப்பரையும் மாலையில் பப்பையும் பார்த்துக்கொண்டிருந்தான். பப்பில் வெள்ளிக்கிழமை நடக்கும் பரிசுக் குலுக்கலில் சில சமயம் அவனுக்கு ஒரு தட்டு இறைச்சி விழும். அந்த ராத்திரி மட்டும் அவன் குடும்பத் தலைவன்.

ஊரில் பல்செட் கட்டுகிற ஹெங்க்கிடம் போனாள் வால்டா. ஹாலந்திலிருந்து வந்த ஆள். அவன் கையில் ஊரில் பாதி வாய் இருந்தது. அவன் கட்டைவிரலை உள்ளே விட்டு ஈறைத் தடவினான்.

"இன்னொரு செட்டு கட்டித் தரலாம் வால்டா. அதுவும் கிராசிங்குலதான் போய் விழும். செட்டு உக்கார ஒரு மேடு வேணும். உன் வாயில மேடே இல்ல, கரைஞ்சு போச்சு. தாடை எலும்புல ரெண்டு திருகு இறக்கி, அதுமேல செட்டைப் பொருத்தினாத்தான் நிக்கும்."

"திருகா? நான் என்ன அலமாரியா?"

"மெல்போர்ன்ல பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைங்க ஆஸ்பத்திரி இருக்கு. ஆள் ஒத்துவருமான்னு முதல்ல பார்ப்பாங்க. ஒத்துவந்தா அவங்க செலவுலயே போட்டு விடுவாங்க. படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வாய் வேணுமே."

"ஒத்துவரலைன்னா?"

"ஒத்துவந்துடு," என்றான் ஹெங்க்.

செப்டம்பர் நடுவில் நாள் கொடுத்தார்கள். வால்டா ஒத்துவருவதற்கான ஏற்பாடுகளில் இறங்கினாள். பக்கத்து வீட்டு மேவிஸ் எல்லாம் தெரிந்தவள்; தெரியாததையும் சொல்லக்கூடியவள். "சிகரெட் குடிக்கிறவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்களாம்டி. புகை பட்டா திருகு பிடிக்காதாம். சர்க்கரை இருந்தாலும் அப்படித்தான். என் மச்சினி சொன்னா."

"உன் மச்சினிக்குத் திருகு போட்டாங்களா?"

"அவளுக்கு இடுப்புல போட்டாங்க. எல்லாம் ஒரே எலும்புதானே."

நாற்பது வருஷமாக நாளுக்கு ஒரு பாக்கெட் குடித்தவள், அன்று சாயங்காலமே மிச்சமிருந்ததை மேவிஸின் கையில் கொடுத்துவிட்டாள். மேவிஸ் அதை வீணாக்காமல் பார்த்துக்கொண்டாள். முதல் வாரம் வால்டா தோட்டத்துச் செடிகளை எல்லாம் வெட்டினாள். வெட்ட வேண்டாதவற்றையும் வெட்டினாள். இரண்டாம் வாரம் நெவ் சாப்பிடும்போது வரும் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். சர்க்கரைக்குப் பயந்து பிஸ்கட்டை விட்டாள். தேநீரில் தொட்டு ஊறவைத்துத் தின்ன அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"போதும் நிறுத்து. பல்லு வர்றதுக்குள்ள நீ என்னைக் கடிச்சுடுவே போலிருக்கு," என்றான் நெவ்.

"எதால கடிக்கிறது?" என்றாள்.

நெவ்வின் பற்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பழுப்பு நிறம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கோணலாக நிற்கும், அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லாம் இருந்தன. பீர் பாட்டில் மூடியை அதால்தான் திறப்பான். ஆட்டு எலும்பை அவன் வைத்துவிட்டு எழுந்தால் நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

செப்டம்பரில் இருவரும் காலை ரயிலில் மெல்போர்ன் போனார்கள். வால்டா கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். முட்டை வைத்த ரொட்டி கட்டி எடுத்துக்கொண்டாள். அவளுடைய ரொட்டியின் ஓரங்களை அறுத்து நெவ்வின் பொட்டலத்தில் வைப்பது வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் ரொட்டியின் ஓரங்களை எல்லாம் தின்றவன் அவன்தான்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபென்விக் என்ற பெண்மணியும் அவளுக்குப் பின்னால் நான்கு மாணவர்களும் இருந்தார்கள். நாற்காலி சாய்ந்தது. நெவ் சுவரோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சிகரெட் உண்டா, மிஸஸ் டக்கி?"

"விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு."

"பரவாயில்லையே! பாதிப் பேர் என்கிட்ட பொய்தான் சொல்வாங்க. சர்க்கரை?"

வால்டா ஊர் டாக்டர் கொடுத்த ரத்தப் பரிசோதனையை நீட்டினாள். சர்க்கரை இல்லை. எலும்பு தேய்வுக்கு ஊசி மருந்து எதுவும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் இல்லை. மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் தாடை ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் இரண்டு திருகுகள் குட்டிக் காளான்கள்போல நின்றன. அவற்றைச் சுற்றிச் சின்ன பிரஷால் துலக்கிக் காட்டச் சொன்னார்கள். திருகு போட்டால் தினமும் அப்படித் துலக்க வேண்டுமாம். கை நடுங்குகிறவர்களுக்குச் சரிப்படாதாம். வால்டா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தேவாலயத்து வெள்ளிச் சாமானைத் துலக்குகிறவள்போலத் துலக்கினாள். ஒரு மாணவி கை தட்டியேவிட்டாள்.

வால்டா நெவ்வைத் திரும்பிப் பார்த்தாள். நெவ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு எக்ஸ்ரே. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். டாக்டர் அதைப் பார்த்தாள். கிட்டே போய் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து வால்டாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அப்படி உட்காருகிற டாக்டர் நல்ல சேதி சொன்னதாக எங்கள் தெருவில் சரித்திரம் இல்லை.

"பல்லை எல்லாம் எப்ப எடுத்தீங்க?"

"ஐம்பத்தொம்பதுல. எனக்குப் பத்தொம்பது வயசு."

"அத்தனையும் ஒரே நாள்லயா? என்ன வியாதி?"

"வியாதி ஒண்ணுமில்ல. ரெண்டே ரெண்டு சொத்தை." வால்டா கையிலிருந்த காகிதத் துணியை மடித்தாள். "கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத வைத்திருந்த பேனா ஒன்று அப்படியே நின்றது.

"அப்பல்லாம் அப்படித்தான்," என்றாள் வால்டா. "எங்க தெருவுல பாதிப் பொண்ணுங்களுக்குப் பண்ணாங்க. அப்பா சீரா செய்வாரு. மொத்தமா பிடுங்கிட்டு, அழகா ஒரு செட்டு. அப்புறம் ஆயுசுக்கும் பல் டாக்டர் செலவே இல்லைன்னு. புருஷன் வீட்டுக்குச் செலவு வைக்காத பொண்ணுன்னு பேரு." மடித்த காகிதத்தைப் பிரித்தாள். "இவரோட அம்மாதான் கேட்டாங்க. 'இப்பவே எடுத்துடுங்க, நாளைக்கு என் பையன் தலையில விழக் கூடாது'ன்னு."

நெவ் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அது குழந்தைகளுக்குப் பல் முளைப்பதைப் பற்றியது.

"பல்லு இருக்குற வரைக்கும்தான் எலும்பு இருக்கும், மிஸஸ் டக்கி," என்றாள் டாக்டர் மெல்ல. "வேலை இல்லைன்னா எலும்பு கரைஞ்சு போயிடும். உங்களுக்கு முப்பத்தொம்பது வருஷமா கரைஞ்சிருக்கு. இந்த இடம் பென்சில் கனம்தான் இருக்கு. இதுல திருகை இறக்கினா தாடை உடைஞ்சு போகலாம். அதை நான் செய்ய முடியாது."

"சிகரெட்டைக்கூட விட்டுட்டேனே," என்றாள் வால்டா.

"தெரியுது. நீங்க செய்ய வேண்டியதெல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க. இடுப்பு எலும்பை எடுத்துத் தாடையில ஒட்டவைக்கிற அறுவை ஒண்ணு இருக்கு. ஆனா அதை இங்க இலவசமா செய்யிறதில்ல. தனியார்ல ஒரு காரோட விலை ஆகும்."

"எங்க காரோட விலைன்னா குடுத்துடலாம்," என்றான் நெவ். சொல்லிவிட்டு அவனே பல் தெரியச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் ஒரு மாணவிக்கு அவன் வாய் கண்ணில் பட்டுவிட்டது. "ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்களேன். டாக்டர், இங்க பாருங்க! இந்த வயசுல அத்தனையும் சொந்தப் பல்லு!" நெவ் மறுக்கத் தெரியாமல் திறந்தான். நால்வரும் குனிந்து பார்த்தார்கள். டாக்டர் விரலால் அவன் தாடையைத் தடவிவிட்டு, "பாறை மாதிரி இருக்கு. இவருக்கா இருந்தா இன்னிக்கே பத்துத் திருகு போடலாம்," என்றாள். சொன்ன பிறகுதான் வால்டாவைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவள்போலக் கையுறையைக் கழற்றினாள்.

கிளம்பும்போது இன்னொரு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். "மிஸஸ் டக்கி, உங்க எக்ஸ்ரேயை வகுப்புல காட்ட வெச்சுக்கலாமா? பேர் போடமாட்டோம். இவ்வளவு கரைஞ்ச தாடை எங்களுக்குக் கிடைக்கிறது அபூர்வம்."

"வெச்சுக்கப்பா," என்றாள் வால்டா. "அதுக்காவது ஒத்துவந்தேனே."

ரயில் நிலையத்தில் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினாள். நடைமேடையில் நின்று ஒன்றைப் பாதி குடித்தாள். இருமல் வந்தது; மிதித்து அணைத்துவிட்டு அடுத்ததைப் பற்றவைத்தாள். ரயில் நகரத்தைத் தாண்டிய பிறகுதான் நெவ் வாயைத் திறந்தான்.

"நீயும்தானே அன்னிக்குச் சரின்னு சொன்னே."

"எனக்குப் பத்தொம்பது வயசு நெவ்."

"செட்டு போட்டு வந்தப்ப நல்லாத்தான் இருந்தே. எல்லாரும் சொன்னாங்க. அம்மாகூடச் சொன்னா."

"சொன்னாங்க. ஆறு மாசம் கஞ்சிதான் குடிச்சேன். கல்யாணக் கேக்கை வாயில வெச்சுட்டு விழுங்க முடியாம கைக்குட்டையில துப்பினேன். அது யாருக்கும் தெரியாது."

நெவ் பொட்டலத்தைப் பிரித்து, அவள் ரொட்டியின் ஓரங்களைத் தின்ன ஆரம்பித்தான். தூக்கிப் போடவா முடியும்?

அக்டோபரில் பள்ளி திறப்பதற்கு நான்கைந்து நாள் முன்னால் கிரெய்க் வந்தான். இந்த முறை கழுத்துப்பட்டை இல்லை. வால்டா விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே மேவிஸ் வழியாக அது நகரசபை வரை போயிருந்தது. சமையலறையில் உட்கார்ந்து தேநீரைக் கலக்கினான், கலக்கினான், கலக்கிக்கொண்டே இருந்தான்.

"வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் போடணும் மிஸஸ் டக்கி. ஆனா எனக்கு மனசு கேக்கல. இந்த வீட்டை விட்டு இந்தச் சம்பளம் போகக் கூடாதுன்னு பார்க்கிறேன்." அவன் கண் நெவ்வின் பக்கம் போனது. "மிஸ்டர் டக்கி சும்மாதானே இருக்காரு. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். விசில் ஊதத் தெரிஞ்சாப் போதும்."

நெவ் பேப்பரைக் கீழே வைத்தான். "நானா? அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டா? பப்புல ஒருத்தன் விடமாட்டான். கொதிகலன் பார்த்த கையில அந்தப் பலகையா? அது பொம்பளைங்க வேலைடா."

கிரெய்க் வால்டாவைப் பார்த்தான். நெவ்வும் பார்த்தான். அடுப்பில் பூசணி சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வால்டா அதை இறக்கிவைத்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து வந்து, உட்கார்ந்திருந்தவனின் முதுகில் வைத்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிடித்துப் பார்த்தாள்.

"கை நீளம் பத்தாது," என்றாள். "மடிப்பைப் பிரிச்சு இறக்கிவிட்டுத் தர்றேன்."

பப்பில் இரண்டு வாரம் அவனை 'நர்ஸம்மா' என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் வாரம் அதுவும் பழகிவிட்டது. அதற்குள் எங்கள் தெருவில் பேச்சு வேறு மாதிரி மாறியிருந்தது. நெவ் எவ்வளவு அருமையாக ஊதுகிறான், எட்டு வீடு தள்ளிக் கேட்கிறது, அந்தச் சத்தத்துக்கு லாரியெல்லாம் நடுங்கி நிற்கிறது என்றார்கள். வெறும் வாயால் ஊதினவளையே பார்த்திருந்தவர்களுக்கு அது பெரிதாகத்தான் தெரிந்தது. போன் போட்ட அந்தப் புண்ணியவதி நெவ்வுக்கு ஒரு கேக்கே செய்து கொடுத்தாள். கொட்டைகள் போட்டது. வால்டாவால் அதைத் தொட முடியவில்லை.

காலையில் அவன் போன பிறகு வால்டா மேசையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் ஊறவைப்பாள். கீழ் செட்டு ஜன்னலோரத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கும். இப்போது அதை யாருக்காக மாட்டிக்கொள்வது? தெருமுனையிலிருந்து விசில் கேட்கும். இரண்டு தரம். கேட்டதும் அவள் நாக்கு தானாகவே எழுந்து, இல்லாத செட்டைக் கீழே அழுத்தும்.

சாயங்காலம் நெவ் விசிலைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் பப்புக்குப் போய்விடுவான். ஒரு நாள் சோப்பு நுரைக்குள் கை விட்டுத் துழாவினவள் அதை எடுத்தாள். அவளுடைய அதே விசில்தான். கறுப்பு பிளாஸ்டிக், கயிறுகூட அவள் மாற்றிக் கட்டியது. பதினோரு வருஷம் அவள் வாயில் கிடந்தும் அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடையில் வாங்கின அன்று இருந்ததுபோல வழுவழுவென்று இருந்தது. இப்போது ஊதும் முனையில் மேலே நான்கு, கீழே நான்கு, ஆழமான பள்ளங்கள். ஒன்று கோணலாக, மற்றதைத் தள்ளிக்கொண்டு.

வால்டா கட்டைவிரல் நகத்தால் அந்தப் பள்ளங்களில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்குகளைச் சுரண்டி எடுத்தாள். குழாயடியில் காட்டி அலசினாள். துடைத்து, நாளைக் காலைக்காக, கோட்டுப் பையில் போட்டுவைத்தாள்.